கன்ட்ரி ஜோ அண்ட் த ஃபிஷ்: ஒரு கூச்சலும் ஒரு பாட்டும் மட்டும்தானா?

வாசகர் கேள்வி, ஜூன் 2

1960களின் அமெரிக்கப் போர் எதிர்ப்பு இசையைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இந்தக் குழுவின் பெயரைச் சொல்கிறீர்கள். 1969இல் நடந்த உட்ஸ்டாக் இசைவிழாவைப் பற்றிய படத்தில் வருகிற அந்த ஒரு பாட்டைத் தவிர இவர்களிடம் வேறென்ன இருக்கிறது? கூட்டத்தைக் கெட்ட வார்த்தை கத்த வைத்தார்கள், கைதட்டல் வாங்கினார்கள், அடுத்த ஆண்டே கலைந்துபோனார்கள். இதை அரசியல் என்று எப்படிச் சொல்வது?

ஜூன் 2, இரவு

முதலில் ஒரு விவரத்தைச் சரிசெய்துவிட்டு மேலே போகலாம். படத்தில் அந்தப் பாட்டை ('ஐ ஃபீல் லைக் ஐ'ம் ஃபிக்ஸின் டு டை ராக்') பாடுவது குழு அன்று. 1969 ஆகஸ்ட் 16, சனிக்கிழமை பிற்பகலில் அந்த மேடையில் நின்றவர் குழுவின் பாடகரான ஜோ மெக்டொனால்ட் என்ற ஒற்றை மனிதர். அவர் கையில் இருந்தது அந்த நேரத்துக்குத் தேடிப்பிடித்த ஒரு சாதாரண மரக் கிதார். தோளில் மாட்ட வார் இல்லாததால் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு வாசித்தார். அடுத்து வாசிக்க வேண்டியவர்கள் தயாராகவில்லை என்பதால், இடைவெளியை நிரப்ப அவரை மேடைக்கு அனுப்பினார்கள். குழு மேடையேறியது மறுநாள், ஜோ காக்கர் பாடி முடித்து, பெருமழை கொட்டி ஓய்ந்த பிறகு.

ஆக, இந்தக் குழுவின் பெயரைக் கேட்டதும் உலகத்துக்கு நினைவு வருகிற அந்தச் சில நிமிடங்களில் பேரி மெல்ட்டனின் மின்கிதார் இல்லை, ஆர்கன் இல்லை, டிரம்ஸ் இல்லை. ஒரு குழுவின் புகழ், அந்தக் குழுவே இல்லாத ஒரு காட்சியின் மேல் நிற்கிறது. உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது என்பதை இப்போதே ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதியைப் பேச ஓரிரவு போதாது என்பதால் விட்டுவிட்டுத் தொடர்கிறேன்.

ஜூன் 3

கத்தியதனால் அரசியல்வாதி ஆனவர் அல்லர் மெக்டொனால்ட். 1942 ஜனவரி 1 அன்று வாஷிங்டனில் பிறந்தவர். பெற்றோர் இருவருமே கம்யூனிஸ்டுகள். பிள்ளைக்கு ஸ்டாலினின் நினைவாகத்தான் ஜோசப் என்று பெயர் வைத்தார்கள். (ஸ்டாலின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது நமக்கு ஒன்றும் புதிதில்லை என்பதால் இதைக் கேட்டு யாரும் இங்கே அதிர்ச்சியடையப் போவதில்லை. 1950களின் அமெரிக்காவில் நிலைமை வேறு.) கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த அந்த ஆண்டுகளில் தந்தையின் தொலைபேசி நிறுவன வேலை போனது. லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அருகே எல் மான்ட்டே என்ற ஊரில், வீட்டுக்குள் ஒரு பேச்சும் வெளியே ஒரு பேச்சுமாக வளர்ந்த பையன், பதினேழு வயதில் யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தான்: அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தான். ஜப்பானில் பணியாற்றிவிட்டு, வியட்நாமில் போர் பெரிதாவதற்கு முன்பே வெளியே வந்தான். இந்தக் கடற்படை விவரத்தைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; இது இல்லாமல் அந்தப் பாட்டு புரியாது என்பது என் எண்ணம்.

1965ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்கக் கடற்படைக் காலாட்கள் வியட்நாமின் டா நாங்கில் இறங்கினார்கள். ஆண்டு முடிவதற்குள் வியட்நாமில் இருந்த அமெரிக்கத் துருப்புகளின் எண்ணிக்கை 1,84,000 அளவுக்கு உயர்ந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அதற்கு முந்தைய ஆண்டுதான் பேச்சுரிமைப் போராட்டம் நடந்து முடிந்திருந்தது. 1965 அக்டோபரில், பக்கத்து ஊரான ஓக்லாந்து ராணுவத் தளத்தை நோக்கிப் போன ஊர்வலத்தை நகர எல்லையிலேயே போலீஸ் மறித்தது. அந்த அக்டோபரில்தான் மெக்டொனால்ட் தான் நடத்திவந்த 'ராக் பேபி' என்ற சிறு பத்திரிகையின் ஒரு இதழை அச்சடிப்பதற்குப் பதிலாக இசைத்தட்டாக வெளியிட்டார். பேசும் இதழ் என்று அதற்குப் பெயர். ஏறத்தாழ நூறு படிகள். பல்கலைக்கழகத்தில் நடந்த போர் எதிர்ப்புக் கூட்டத்தில் விற்றார்கள். ஒரு பக்கத்தில் வேறொரு பாடகர், இன்னொரு பக்கத்தில் இவர்களின் இரண்டு பாடல்கள். ஒன்று 'ஐ ஃபீல் லைக் ஐ'ம் ஃபிக்ஸின் டு டை ராக்', மற்றது ஜனாதிபதி லிண்டன் ஜான்சனைப் படக்கதை நாயகனாக்கிக் கிண்டலடிக்கும் 'சூப்பர்பேர்ட்'. அதாவது, நீங்கள் உட்ஸ்டாக் பாட்டு என்று சொல்கிற பாட்டுக்கு உட்ஸ்டாக் நடந்தபோது வயது நான்கு.

பதிவு நடந்தது கிறிஸ் ஸ்ட்ராக்விட்ஸ் என்பவரின் வீட்டில். பழைய புளூஸ் பாடகர்களைத் தேடித் தேடிப் பதிவுசெய்து 'ஆர்ஹூலி' என்ற சிறு நிறுவனத்தின் பெயரில் வெளியிட்டுவந்தவர் அவர். பதிவுக்குப் பணம் வாங்காமல், பாட்டின் பதிப்புரிமையில் பங்கு கேட்டு வாங்கிக்கொண்டார். உட்ஸ்டாக் படமும் இசைத்தட்டும் வந்த பிறகு அந்தப் பங்கிலிருந்து வந்த தொகையைக் கொண்டுதான் எல் செரிட்டோவில் தம் நிறுவனத்துக்குக் கட்டடம் வாங்கினார். பங்குச் சந்தையையும் ஆயுத வியாபாரத்தையும் பரிகசித்த ஒரு பாட்டு, மறக்கப்பட்ட புளூஸ் கிழவர்களின் இசைத்தட்டுகளுக்கு ஒரு கூரையைத் தந்தது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த வரவு செலவுக் கணக்கு இதுதான்.

ஜூன் 3, சற்றுக் கழித்து

பெயர்க் காரணத்தை ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். மக்கள் என்ற நீரில் மீனைப் போலப் போராளி நீந்த வேண்டும் என்ற மாவோவின் கருத்திலிருந்து 'ஃபிஷ்' வந்தது. மேலாளர் எட் டென்சன் 'கன்ட்ரி மாவோ' என்று வைக்கலாம் என்றார். அது மெக்டொனால்டுக்குப் பிடிக்காததால் ஸ்டாலினின் செல்லப்பெயர் என்று சொல்லப்பட்ட 'கன்ட்ரி ஜோ' வந்து ஒட்டிக்கொண்டது. ஒரே பெயருக்குள் மாவோவும் ஸ்டாலினும் உட்கார்ந்திருக்க, கேட்டவர்கள் எல்லாம் ஏதோ நாட்டுப்புறப் பாட்டுக்காரர்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஜூன் 5

அந்தப் பாட்டை வரிவரியாக எடுத்துப் பேசச் சொல்கிறீர்கள். வரிகளை இங்கே எழுதப் போவதில்லை, அமைப்பை மட்டும் சொல்கிறேன். மெட்டு ராக்டைம் என்ற பழைய அமெரிக்கத் துள்ளலிசைப் பாணி, கசூ என்ற சிறு ஊதுகருவியின் கீச்சுச் சத்தத்தோடு திருவிழா வாசலில் ஆள் கூப்பிடுவதைப் போல உற்சாகமாக ஓடுகிறது. முதலில் வாட்டசாட்டமான இளைஞர்களைக் கூப்பிடுகிறார். பிறகு பங்குச் சந்தைக்காரர்களை, இதில் நல்ல வருமானம் இருக்கிறது, தாமதிக்காதீர்கள் என்கிறார். பிறகு தளபதிகளை, உங்கள் காலம் வந்துவிட்டது என்கிறார். கடைசியில் தாய் தந்தையரிடம், உங்கள் தெருவிலேயே முதல் ஆளாகப் பிள்ளையைப் பெட்டியில் வரவழைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவைப் புகழ்ந்துகொண்டே அவர் மானத்தை வாங்குவானே, அந்த வேலைதான் இது. கோபமாக ஒரு சொல்கூட இல்லை. விளம்பரக் குரலிலேயே முழுப் பாட்டும் போகிறது.

யார் மேல் குற்றம் விழுகிறது என்று கவனித்தால், அரசியல்வாதி மேல், தளபதி மேல், ஆயுத வியாபாரி மேல். சிப்பாய் மேல் விழவே இல்லை. மெக்டொனால்டும் பிற்காலத்தில் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: போரை நடத்துகிறவர்களைத்தான் பாட்டு குற்றஞ்சாட்டுகிறது, போரிட அனுப்பப்பட்டவர்களை அன்று. படையில் இருந்தவனின் நகைச்சுவை அது. என் தாய்மாமா ஒருவர் ராணுவத்தில் வண்டி ஓட்டியவர். விடுப்பில் வரும்போது சாவைப் பற்றியும் மேலதிகாரிகளைப் பற்றியும் அவர் சொல்கிற சிரிப்புக் கதைகளைக் கேட்டு வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள், அவர் மட்டும் வயிறு குலுங்கச் சிரிப்பார். இந்தப் பாட்டைச் சரியாகக் கேட்கத் தொடங்கிய பிறகு அவருடைய சிரிப்புதான் எனக்கு நினைவு வருகிறது. வியட்நாமில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களே இதை விரும்பிப் பாடினார்கள் என்பதில் எனக்கு வியப்பில்லை. மேடையில் பேசிய எந்தப் பெரிய மனிதரைவிடவும் இந்தப் பாட்டுத்தான் அவர்கள் பாஷையில் பேசியது.

ஜூன் 5, பின்னிரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், அப்படியானால் தாய் தந்தையரைக் கிண்டலடிப்பது எந்த வகையில் நியாயம் என்று கேட்டிருக்கிறார். நியாயமான உறுத்தல்தான், எனக்கும் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் இந்தக் கடைசிப் பத்தியைப் பாட முடியாது. ஆனால் அந்தப் பத்தி குத்துவது துக்கத்தை அன்று, பக்கத்து வீட்டுக்காரரைவிட நாங்கள் தேசபக்தியில் ஒரு படி மேல் என்கிற பெருமையை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். 1965இல் அந்தப் பெருமை எங்கும் நிறைந்திருந்தது. சவப்பெட்டிகள் இன்னும் பெரும் எண்ணிக்கையில் வரத் தொடங்கவில்லை. அதே வரியை 1969இல் பாடும்போது அதன் கனம் வேறு. பாட்டு மாறவில்லை, கேட்கிற ஊர் மாறிவிட்டிருந்தது. இந்த உறுத்தலை நான் முழுவதும் தீர்த்துக்கொண்டதாகச் சொல்ல மாட்டேன்.

ஜூன் 6

இனி இசைக்கு வருவோம், ஏனென்றால் இதுவரை நான் எழுதியதைப் படிப்பவர்கள் இவர்கள் ஏதோ கிதாரோடு துண்டுப்பிரசுரம் விநியோகித்தவர்கள் என்று நினைக்கக்கூடும்.

1966இல் அவர்கள் வெளியிட்ட இரண்டாவது சிறு இசைத்தட்டிலேயே ஆள் மாறிவிட்டார்கள்: கசூ போய் மின்கருவிகள் வந்துவிட்டன. அந்த ஆண்டு டிசம்பரில் வேன்கார்ட் நிறுவனத்தோடு ஒப்பந்தம். பாடகி ஜோன் பேயஸின் இசைத்தட்டுகளை வெளியிட்டுவந்த, நாட்டுப்புற இசைக்குப் பேர்போன நிறுவனம் அது. 1967 மே மாதம் வெளிவந்த முதல் ஆல்பம் 'எலெக்ட்ரிக் மியூசிக் ஃபார் த மைண்ட் அண்ட் பாடி'. தயாரித்தவர் புளூஸ் ஆய்வாளரான சாமுவேல் சார்ட்டர்ஸ். பதிவு பெர்க்லியிலேயே நடந்தது. அமெரிக்க ஆல்பங்களின் பில்போர்டு தரவரிசைப் பட்டியலில் 39ஆம் இடம் வரை ஏறியது. மெக்டொனால்டும் மெல்ட்டனும் தவிர டேவிட் கோஹன் ஆர்கனும் கிதாரும், புரூஸ் பார்த்தால் பேஸ், கேரி 'சிக்கன்' ஹெர்ஷ் டிரம்ஸ். இந்த ஐவர்தான் என்னைப் பொறுத்தவரை குழு. பிறகு வந்தவர்கள் எல்லாம் பெயரை நடத்தியவர்கள்.

அந்த ஆல்பத்தின் ஒலியை என்னால் வேறெதனோடும் குழப்பிக்கொள்ள முடியாது. கோஹனின் ஃபார்ஃபிசா ஆர்கன் மெல்லிய, சற்றே கூர்மையான குரலில் பின்னால் இழைந்துகொண்டிருக்கும். மெல்ட்டனின் கிதார் நடுங்கியபடியே முன்னால் வரும். ஹெர்ஷ் எங்கே அடிக்காமல் விட வேண்டும் என்று தெரிந்தவர். 'செக்ஷன் 43' என்ற ஏழு நிமிடங்களைத் தாண்டும் படைப்பில் ஒரு சொல்லும் இல்லை. அக்காலத்தில் பல குழுக்கள் நீண்ட வாசிப்பு என்றால் மேடையிலேயே தேடிக்கொண்டு போவார்கள். இது அப்படியன்று, பகுதி பகுதியாக முன்கூட்டியே எழுதப்பட்டது, ஒவ்வொரு பகுதியும் மனநிலையை மாற்றிவிட்டுத்தான் அடுத்ததைக் கூப்பிடுகிறது. 'பாஸ் ஸ்டிரிங்ஸ்' முடியும்போது மெக்டொனால்ட் எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளின் மூன்று எழுத்துகளைக் காதோடு முணுமுணுப்பார். இதைக் கல்லூரி நாட்களில் விடுதி அறையில் தேய்ந்த ஒலிநாடாவில் கேட்டபோது அந்த முணுமுணுப்பு எனக்குக் கேட்கவே இல்லை. நாடாவின் இரைச்சலில் மறைந்துபோயிருந்தது. பல ஆண்டுகள் கழித்து நல்ல பதிவில் கேட்டபோதுதான் அந்தப் பாட்டு எதைப் பற்றியது என்று விளங்கியது.

இதில் கவனிக்க வேண்டியது, முதல் ஆல்பத்தில் 'சூப்பர்பேர்ட்' இருக்கிறது, 'ஃபிக்ஸின் டு டை' இல்லை. நிறுவனம் தயங்கியது. ஜனாதிபதியைக் கிண்டலடிக்கலாம், சவப்பெட்டியைப் பற்றிப் பேசக் கூடாது என்பது அன்றைய எல்லைக்கோடு. அதே ஆண்டு நவம்பரில் வந்த இரண்டாவது ஆல்பத்தின் தலைப்பே அந்தப் பாட்டாக ஆனது. இடைப்பட்ட ஆறு மாதங்களில் அந்தத் தயக்கம் எப்படிக் கரைந்தது என்பதற்கு விற்பனைக் கணக்கும் கலிபோர்னியாவின் மான்டரே இசைவிழாவில் கிடைத்த பெயரும் காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

ஜூன் 7

'செக்ஷன் 43' ராகமாலிகை போல இருக்கிறது, ரவிசங்கரிடமிருந்து எடுத்தார்களா என்று கேட்டவருக்கு: 1967 ஜூன் மாதம் மான்டரேயில் இவர்கள் சனிக்கிழமையும் ரவிசங்கர் ஞாயிறும் வாசித்தார்கள் என்பது உண்மை. ஆனால் 'செக்ஷன் 43' அதற்கு முந்தைய ஆண்டே இசைத்தட்டில் வந்துவிட்டது. காற்றில் கிழக்கத்திய வாசனை இருந்தது, அவர்களும் மூச்சு விட்டார்கள், அவ்வளவுதான். அமெரிக்கர்கள் ஒரு சுருதியைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றாலே நம்மவர்கள் ராகம் கண்டுபிடித்துவிடுகிறோம்.

ஜூன் 9

கூச்சலைப் பற்றிப் பேசாமல் நழுவுகிறேன் என்று குற்றச்சாட்டு. நழுவவில்லை.

இரண்டாவது ஆல்பத்தில் பாட்டுக்கு முன்னால் மெக்டொனால்ட் குழுவின் பெயரை எழுத்தெழுத்தாகக் கூட்டத்திடம் கேட்பார்: எஃப், ஐ, எஸ், எச். விளையாட்டுத் திடலில் கோஷம் போடும் பாணி. 1968 கோடையில் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் ஒரு பீர் நிறுவனம் நடத்திய இசைத் தொடரில், டிரம்மர் ஹெர்ஷின் யோசனைப்படி முதல் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை மாற்றி, ஆங்கிலத்தின் மிகப் பிரபலமான நாலெழுத்துக் கெட்ட வார்த்தையாக்கினார்கள். கூட்டம் களித்தது. அந்த இசைத் தொடரின் கதவு இவர்களுக்கு மூடப்பட்டது. எட் சல்லிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்ற ஏற்பாடாகியிருந்தது; அதுவும் ரத்தானது. மெக்டொனால்ட் சொல்லிவந்த கதைப்படி, கொடுத்த பணத்தை வைத்துக்கொள்ளுங்கள், வராமல் மட்டும் இருந்துவிடுங்கள் என்றார்களாம். நாடு முழுவதும் ஞாயிறு இரவில் பார்க்கும் நிகழ்ச்சி அது. மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரில் இதே கூச்சலுக்காக 1969இல் வழக்கு. அவருக்கு 500 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

நண்பர் சொல்வது போல அது மலிவான உத்திதானா? முதல் நாள் இரவில் ஆம் என்று சொல்லத்தான் எனக்குத் தோன்றியது. இப்போது யோசித்தால் ஆண்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1968 கோடையில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கத் துருப்புகள் வியட்நாமில் இருந்தார்கள்; ஒரு சொல்லுக்குக் கைதும் அபராதமும், நேபாம் குண்டுக்குப் பட்ஜெட்டும் ஒதுக்கிய நாட்டில் எது ஆபாசம் என்ற கேள்வியை அந்தக் கூச்சல் எழுப்பியது உண்மை. ஆனால் கூச்சல் கேள்வியாக இருந்தது ஒரு சில மாதங்கள்தான். அதன் பிறகு கூட்டம் அதைக் கத்துவதற்காகவே வந்தது. 'செக்ஷன் 43' வாசித்தால் பொறுமையிழந்தார்கள். உத்தி மலிவு என்பதைவிட, அதற்குக் கொடுத்த விலை மிக அதிகம் என்பேன்.

அதே 1968இல் சிகாகோவும் வருகிறது. ஜனநாயகக் கட்சி மாநாட்டை ஒட்டி போர் எதிர்ப்பாளர்களான அபி ஹாஃப்மனும் ஜெர்ரி ரூபினும் திட்டமிட்ட விழாவில் வாசிக்க முதலில் இசைந்த குழு, ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டது. ரத்தக்களரி ஆகும் என்று மெக்டொனால்டுக்குத் தோன்றியது. அவர்களே தங்கியிருந்த விடுதியில் தாக்கப்பட்டார்கள். பல தோழர்கள் இதைக் கோழைத்தனம் என்றார்கள். பிள்ளைகளைப் பாட்டுக் காட்டி அழைத்துவந்து போலீஸ் தடிக்கு முன்னால் நிறுத்த மாட்டேன் என்ற முடிவில் எனக்குக் கோழைத்தனம் தெரியவில்லை. 1965 பாட்டின் அறம் அதிலும் இருக்கிறது. ஆள்சேர்க்கிறவனைக் கிண்டலடித்தவன் தானே ஆள்சேர்க்கக் கூடாது அல்லவா? பின்னர் அந்தப் போராட்ட அமைப்பாளர்கள் மீது நடந்த சிகாகோ சதி வழக்கில் மெக்டொனால்ட் சாட்சி சொல்லப் போனபோது நீதிபதி ஜூலியஸ் ஹாஃப்மன் கூண்டில் பாட அனுமதிக்கவில்லை. பாடாமல் சொற்களை மட்டும் சொல்ல வேண்டியதாயிற்று. மெட்டை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டு எவ்வளவு கொடூரமானது என்பது நீதிமன்றக் குறிப்பேட்டைப் படிக்கும்போதுதான் தெரிகிறது.

ஜூன் 10

உட்ஸ்டாக்கைப் பற்றி இன்னும் ஒன்று. அன்று மெக்டொனால்ட் முதலில் சில பாடல்களைப் பாடினார், யாரும் அவரைக் கவனிக்கவில்லை. மேடையை விட்டு இறங்கி, அந்தக் கூச்சலைப் போடலாமா என்று தம் மேலாளரிடம் கேட்க, யாரும்தான் கேட்கவில்லையே, என்ன செய்தால் என்ன என்று பதில் வந்ததாம். திரும்பிப் போய் முதல் எழுத்தைக் கேட்டார். லட்சக்கணக்கான தலைகள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. பாட்டின் நடுவில் கூட்டத்தைத் திட்டவும் திட்டுகிறார்: மூன்று லட்சம் பேர் இருக்கிறீர்கள், இதைவிட நன்றாகப் பாடாவிட்டால் போரை எப்படி நிறுத்தப் போகிறீர்கள் என்கிறார். அவர்கள் எழுந்து நின்று பாடுகிறார்கள். மைக்கேல் வாட்லி இயக்கிய படம் 1970இல் வந்தபோது இந்தக் காட்சியில் மட்டும் பாட்டின் வரிகளைத் திரையின் அடியில் ஓடவிட்டு, ஒரு பந்து சொல்லுக்குச் சொல் துள்ளும்படி அமைத்தார்கள். தியேட்டருக்குள் உட்கார்ந்திருந்தவர்களும் பாட வேண்டும் என்பதற்காக. ஒரு திரைப்பட உத்தி, நான்கு வயதான பாட்டை உலகப் பாட்டாக்கிவிட்டது.

அதற்கு முந்தைய நாள் அதே மேடையில் அமர்ந்து அமைதியைப் பற்றியும் ஒலியின் சக்தியைப் பற்றியும் பேசியவர் கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர். வெள்ளிக்கிழமை அவர் அமைதி சொன்னார், சனிக்கிழமை மெக்டொனால்ட் கெட்ட வார்த்தை சொன்னார், ஒரே கூட்டம் இரண்டையும் பக்தியோடு கேட்டது. எங்கள் கொங்கு நாட்டு உறவினர்களிடம் முதல் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 14

இடையில் மூன்றாவது ஆல்பமான 'டுகெதர்' முழுவதையும் திரும்பக் கேட்டேன். பட்டியலில் இவர்கள் தொட்ட உச்சம் இதுதான், 23ஆம் இடம். முன்பெல்லாம் இதை ஒதுக்கிவைத்திருந்தேன். மற்ற உறுப்பினர்களின் பாடல்கள் அதிகம், பகடிகள் அதிகம், சில இன்று கேட்கவே கூசுகின்றன. ஆனால் கடைசியில் வரும் 'அன்டைட்டில்ட் புரொட்டெஸ்ட்' என்ற பாட்டை இந்த விவாதத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டபோது அசையாமல் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு இல்லை, கசூ இல்லை, ஊர்வலமாகப் போகும் ஒரு மந்தமான இழுவையின் மேல் கொல்லப்படுகிறவர்களின் பக்கத்திலிருந்து போர் தெரிகிறது. 'ஃபிக்ஸின் டு டை' அமெரிக்க வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்த போர். இது வியட்நாம் கிராமத்திலிருந்து. குழுவின் அரசியலுக்குச் சாட்சி கேட்டால் இனி நான் இந்தப் பாட்டைத்தான் முதலில் காட்டுவேன். மேடையில் கூட்டத்தைக் கூடப் பாட வைக்க முடியாத பாட்டு என்பதாலேயே இது யாருக்கும் தெரியவில்லை.

இதன் பிறகு சரிவு வேகமானது. பார்த்தால் போனார், பிறகு ஹெர்ஷும் கோஹனும். உட்ஸ்டாக்கில் ஞாயிற்றுக்கிழமை வாசித்த குழுவில் பழைய ஐவரில் மிஞ்சியவர்கள் மெக்டொனால்டும் மெல்ட்டனும் மட்டுமே. படம் திரையரங்குக்கு வந்து உலகமே பெயரைத் தெரிந்துகொண்ட 1970ஆம் ஆண்டில் குழு கலைந்தது. அந்த ஆண்டு வந்த 'சி.ஜே. ஃபிஷ்' மோசமான ஆல்பம் அன்று, ஆனால் எவர் வேண்டுமானாலும் போட்டிருக்கக்கூடிய ஆல்பம்.

ஜூன் 15

மெட்டு திருட்டு என்று ஒருவர் எழுதியிருப்பதற்குச் சுருக்கமாக. கிட் ஓரி என்ற ஜாஸ் டிராம்போன் கலைஞரின் 'மஸ்க்ராட் ராம்பிள்' 1926இல் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் குழுவோடு பதிவானது. 'ஃபிக்ஸின் டு டை' அதிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஓரியின் மகள் 2001இல் வழக்குத் தொடுத்தார். மிகையான தாமதத்தைக் காரணம் காட்டி நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. ஆகவே திருட்டு என்று சட்டம் சொல்லவில்லை, திருட்டு இல்லை என்று இசையை ஆராய்ந்தும் சொல்லவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒற்றுமை என் காதுக்குத் தெரிகிறது. ராக்டைம் வழியில் வந்த மெட்டுகள் ஒன்றுக்கொன்று இவ்வளவு உறவு கொண்டாடுவது வழக்கம்தான் என்றும் தெரிகிறது.

ஜூன் 21

'கலைந்துபோனார்கள், அரசியலும் முடிந்தது' என்ற வாதத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இதற்காகத்தான் கடற்படையை நினைவில் வைக்கச் சொன்னேன்.

மெக்டொனால்ட் 1971இல் முதல் உலகப் போரைப் பற்றி ராபர்ட் சர்வீஸ் எழுதிய கவிதைகளுக்கு மெட்டமைத்து ஒரு முழு ஆல்பம் போட்டார். அகழியில் கிடக்கும் சிப்பாய்களின் குரல்கள் அவை. விற்கக்கூடிய சரக்கே அல்ல. போர் முடிந்த பிறகு, எதிர்ப்பு இயக்கத்தவர்கள் பலரும் வேறு வேலை பார்க்கப் போய்விட்டபோது, இவர் திரும்பிவந்த வீரர்களோடு இருந்தார். அவர்களின் அமைப்புகளுக்காகப் பாடினார். பெர்க்லியில் இருந்து போய் வியட்நாமில் இறந்தவர்களுக்கு 1995இல் அந்த நகரில் ஒரு நினைவகம் அமைந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்கப் போர் எதிர்ப்பின் தலைநகரில், இறந்த சிப்பாய்களின் பெயர்களை எழுதிவைக்க முன்நின்றவர் அந்தக் கெட்ட வார்த்தைக்காரர். போர்க்கள நர்சுகளின் கதைகளைக் கேட்கப் போய், அங்கிருந்து ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் வாழ்க்கைக்குள் இறங்கி, ஆண்டுக்கணக்கில் அவரைப் பற்றித் தகவல் திரட்டியதும் இதே மனிதர்தான். போதை மயக்கத்தை இசையாக்கிய சைக்கடெலிக் பாடகர் ஒருவர் நைட்டிங்கேல் ஆராய்ச்சியில் போய் முடிவார் என்று யார் நினைத்திருக்க முடியும்?

மெல்ட்டன் சட்டம் படித்து 1982இல் வழக்கறிஞரானார். கலிபோர்னியாவின் யோலோ கவுண்டியில், வக்கீல் வைக்க வசதியில்லாத குற்றம்சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் அரசு அலுவலகத்தின் தலைவராக 2009 வரை இருந்தார். பார்த்தால் சான் பிரான்சிஸ்கோ மைம் ட்ரூப் என்ற அரசியல் நாடகக் குழுவில் பல பத்தாண்டுகள் பாட்டும் இசையும் எழுதினார். பூங்காக்களில் இலவசமாக நாடகம் போடுகிறவர்கள் அவர்கள். மூன்று பேர், மூன்று வேலைகள். ஒன்றிலும் லட்சம் பேர் கைதட்டவில்லை.

குழுவின் காலத்தில் இவர்கள் செய்த அரசியலைவிடப் பின்னால் செய்தது கனமானது என்று சொல்லத் தோன்றுகிறது. அப்படிச் சொன்னால் அந்த இசையைக் குறைத்துவிடுவேனோ என்று பயமும் வருகிறது, ஏனென்றால் 'செக்ஷன் 43' எந்தச் சேவைக்கும் ஈடுகட்டும் தேவை இல்லாமல் தானாகவே நிற்கக்கூடியது.

ஜூன் 22

கூச்சல் குழுவை விழுங்கிவிட்டது என்பதையாவது ஒத்துக்கொள்ளுங்கள் என்கிறார் நண்பர். ஒத்துக்கொண்டுதானே ஜூன் 9 முதல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எங்கே தொடங்குவது என்று கேட்ட இருவருக்கும்: முதல் ஆல்பத்தை ஹெட்ஃபோனில், இடையில் எழுந்து போகாமல், 'ஃபிளையிங் ஹை' முதல் 'கிரேஸ்' வரை கேளுங்கள். பிறகு இரண்டாவது ஆல்பம். அதில் தலைப்புப் பாட்டைத் தாண்டி 'ஹூ ஆம் ஐ', பாடகி ஜேனிஸ் ஜாப்லினுக்காக எழுதிய 'ஜேனிஸ்' இரண்டையும் தவறவிடாதீர்கள். மூன்றாவதில் கடைசிப் பாட்டு மட்டும் போதும். உட்ஸ்டாக் காட்சியை இவற்றுக்கெல்லாம் பிறகு பாருங்கள். 'சி.ஜே. ஃபிஷ்' கைக்கு மலிவாக வந்தால் வாங்குங்கள், தேடிப் போக வேண்டாம்.